ஆர்கேட் போர்டு வீட்டுக்கு வந்தால்: படம் பாதி, சத்தம் மீதி

காசு போட்டு ஆடும் வீடியோ கேம் எந்திரத்துக்குள் இருக்கும் சர்க்யூட் பலகையை, அதாவது ஆர்கேட் போர்டை, வாங்கிய எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி, "இதை எச்டிஎம்ஐயாக மாற்ற எந்தப் பெட்டி வாங்கலாம்?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் தள்ளி வைக்கச் சொல்வேன். உங்கள் கையில் இருக்கும் போர்டு பாதி எந்திரம். மீதிப் பாதி அது குடியிருந்த மரப்பெட்டியில் இருந்தது. திருகைத் திருப்பி வோல்ட்டை ஏற்றி இறக்க வசதியுள்ள பவர் சப்ளை, படத்தைப் பெரிதாக்கவும் நகர்த்தவும் தனிக் குமிழ்கள் வைத்த மானிட்டர், காகிதக் கூம்பு வைத்த 8 ஓம் ஸ்பீக்கர் என்று எல்லாம் அங்கே இருந்தன. போர்டை வடிவமைத்தவர்கள் இவற்றை மனதில் வைத்தே ஒவ்வொரு வெளியீட்டையும் அமைத்தார்கள். அதாவது பெட்டியும் சேர்ந்துதான் சர்க்யூட். பெட்டியை விட்டுவிட்டுப் போர்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தால், பெட்டி செய்துகொண்டிருந்த வேலைகளை ஒவ்வொன்றாக நாம்தான் செய்தாக வேண்டும்.

பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மேம் எமுலேட்டரில் இதே ஆட்டங்கள் ஓடாதா என்றால், ஓடும், நன்றாகவே ஓடும். எனக்கு அந்தப் போர்டே பிடித்திருக்கிறது. 1980களில் ஒசாகாவிலோ டோக்கியோவிலோ யாரோ உட்கார்ந்து வரைந்த தடங்கள் வழியாக, அதே சிப்கள் அதே கடிகாரத் துடிப்பில் ஓடி என் டிவியில் படம் வருவது தனிச் சந்தோஷம். அதைச் சரியாகச் செய்வது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஜாம்மாவிலிருந்து தொடங்குவோம். முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் போர்டுக்குத் தனக்குத் தோன்றிய மாதிரி கனெக்டர் வைத்தது, அதனால் ஆட்டத்தை மாற்ற நினைக்கும் கடைக்காரர் பெட்டியின் வயரிங்கையும் மாற்ற வேண்டியிருந்தது. 1985 வாக்கில் ஜப்பானின் ஆர்கேட் எந்திரத் தயாரிப்பாளர்கள் சங்கம் ஒரே அமைப்பைக் கொண்டுவந்தது. அந்தச் சங்கத்தின் பெயர்ச் சுருக்கம்தான் ஜாம்மா. போர்டின் ஓரத்தில் 3.96 மில்லிமீட்டர் இடைவெளியில் 56 பின்கள், மேல்பக்கம் 28, கீழ்ப்பக்கம் 28. மேல்பக்கப் பின்களுக்கு எண்கள், கீழ்ப்பக்கத்துக்கு ஆங்கில எழுத்துகள். முதல் ஆறும் அவற்றின் நேர்க் கீழே இருப்பவையும் பவர்: கிரவுண்ட், பிளஸ் 5, மைனஸ் 5, பிளஸ் 12. 10ஆம் பின்னும் அதன் கீழே இருக்கும் எல் பின்னும் ஸ்பீக்கருக்கு. 12 சிவப்பு, 13 நீலம், 14 வீடியோ கிரவுண்ட், கீழே என் பச்சை, பி சிங்க் (கோடும் படமும் எப்போது தொடங்க வேண்டும் என்று திரைக்குச் சொல்லும் துடிப்பு). மற்றவை பெரும்பாலும் காசு போடும் ஸ்விட்ச், ஜாய்ஸ்டிக், பட்டன்கள். மஞ்சள் ஆர்சிஏ வீடியோ கிடையாது, ஆம்ப்ளிஃபயருக்கு நேராகப் போகும் லைன் ஆடியோவும் கிடையாது. இந்த 56 பின்களை வாங்கி வீட்டுச் சாமான்களுக்குப் புரியும்படி மாற்றித் தரும் பெட்டிக்குத்தான் சூப்பர்கன் என்று பெயர். கடையில் வாங்கலாம், நாமே சாலிடர் வைத்தும் கட்டலாம்.

ஏழாவது பின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெட்டு இருக்கும். கனெக்டரில் அதற்கு நேராக ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருந்தால்தான் தலைகீழாகச் செருக முடியாது. மலிவு கனெக்டர்கள் பலவற்றில் அந்தத் தடுப்பு இருக்காது, அதை முதலில் போடுங்கள். தலைகீழாகச் செருகினால் 12 வோல்ட் நேராக இரண்டாவது ஆட்டக்காரரின் இரண்டாவது பட்டன் வரிக்குப் போகும், அந்த வரிக்குப் பின்னால் இருப்பதோ 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காத சிப்.

பவர் பற்றிச் சுருக்கமாக. போர்டுக்கு 5 வோல்ட் வேண்டும் என்றால் போர்டின் மேல் 5 வோல்ட் வேண்டும் என்று அர்த்தம், பவர் சப்ளையின் முனையில் அளந்தது கணக்கில் வராது. பழைய போர்டுகள் பல ஆம்பியர் இழுக்கும், மெல்லிய வயரில் வழியிலேயே கால் வோல்ட் காணாமல் போய்விடும். மல்டிமீட்டரைப் போர்டில் இருக்கும் ஏதாவது ஒரு சிப்பின் பவர் காலில் வைத்து 4.95க்கும் 5.1க்கும் நடுவில் வரும்வரை சப்ளையின் திருகைத் திருப்புங்கள். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையைப் பயன்படுத்தச் சொல்லி நிறைய பேர் அறிவுரை சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அதில் வோல்ட்டைத் திருத்த வழியில்லை, சிலவற்றில் குறைந்தபட்ச சுமை இல்லாவிட்டால் வோல்ட் நிலையாக நிற்காது, புதிய மாடல்களில் மைனஸ் 5 கிடையவே கிடையாது. மீன்வெல் ஆர்டி-65ஏ மாதிரி பிளஸ் 5, பிளஸ் 12, மைனஸ் 5 மூன்றையும் தரும் தொழிற்சாலை ரக சப்ளை ஒன்று வாங்கினால் அந்தக் கவலை தீர்ந்தது. மைனஸ் 5 மிகச் சில போர்டுகளுக்குத்தான் வேண்டும், ஆனால் வேண்டியிருப்பவற்றில் பெரும்பாலும் சத்தத்துக்காகத்தான் வேண்டியிருக்கும்.

சரி, இப்போது படம்.

டிவி உலகத்தின் கணக்கு எளிது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 75 ஓம் சுமையில் தலா 0.7 வோல்ட் உச்சம். ஆர்கேட் போர்டு இந்தக் கணக்கைப் பார்த்து வடிவமைக்கப்பட்டதே இல்லை. அதிலிருந்து 3 வோல்ட் வரும், சிலவற்றில் 4ஐயும் தாண்டும். ஆர்கேட் மானிட்டரின் உள்ளீடு ஆயிரம் ஓம் அளவில் இருப்பதால் போர்டு பெரிதாகக் கரண்ட் தள்ள வேண்டியதில்லை, ஒவ்வொரு நிறத்தின் அளவையும் மானிட்டரின் குமிழ்களில் கடைக்காரர் சரி செய்துகொள்வார். இதே வெளியீட்டை நேராக டிவியில் கொடுத்தால் வெள்ளை வழிந்து, நிறங்கள் எரிந்து, சில சமயம் டிவியின் உள்ளீட்டுச் சிப்பும் போய்விடும்.

இதை விளக்க எனக்குப் பிடித்த உதாரணம் நியோ ஜியோ. 1990இல் எஸ்என்கே ஒரே எந்திரத்தை இரண்டு வடிவத்தில் விற்றது, கடைக்கு எம்விஎஸ், வீட்டுக்கு ஏஇஎஸ். ஆட்டமும் ஒன்று, முக்கியமான சிப்களும் ஒன்று. இரண்டிலும் நிறத்தின் ஐந்து பிட்கள் 220, 470, 1000, 2200, 3900 ஓம் ரெசிஸ்டர்கள் வழியாகச் சேர்ந்து ஒரு வோல்ட் அளவாகின்றன. வீட்டு எந்திரத்தில் அதற்குப் பிறகு சோனியின் சிஎக்ஸ்ஏ1145 என்ற சிப் உட்கார்ந்து, டிவிக்குப் புரியும் அளவில் 75 ஓமைத் தள்ளும் பலத்தோடு வெளியே அனுப்புகிறது. கடை எந்திரத்தில் அந்தச் சிப் இல்லை, ரெசிஸ்டர்களிலிருந்து நேராக ஓரத்துக் கனெக்டருக்கு. வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு என்ன தேவை என்பதை எஸ்என்கே அந்த ஒரு சிப்பில் எழுதிக் காட்டிவிட்டது.

அந்தச் சிப்பின் வேலையை நாம் எப்படிச் செய்வது? எளிய வழி, ஒவ்வொரு நிறத்துக்கும் வரிசையில் ஒரு ரெசிஸ்டர். 5 வோல்ட்டை 75 ஓம் சுமையில் 0.7 ஆக்க மொத்தம் ஏறக்குறைய 460 ஓம் வேண்டும். ஆனால் அந்த ஐந்து ரெசிஸ்டர்களையும் இணையாக வைத்துக் கணக்குப் போட்டால் போர்டுக்குள்ளேயே ஏறக்குறைய 120 ஓம் இருக்கிறது, அப்படியானால் வெளியே 340 போதும். வேறொரு போர்டில் ரெசிஸ்டர் ஏணிக்குப் பிறகு ஒரு டிரான்சிஸ்டர் இருக்கும், அது சுமையைப் பொருட்படுத்தாமல் வோல்ட்டைத் தூக்கிப் பிடிக்கும், அதற்கு வேறு கணக்கு. ஒரு போர்டில் அழகாக இருந்த படம் அடுத்த போர்டைச் செருகியதும் வெளுத்துப்போவது இதனால்தான். அதற்கு போர்டைக் குறை சொல்லக் கூடாது.

அதனால் நல்ல சூப்பர்கன்களில் வேறு முறை. முதலில் மானிட்டரைப் போலவே அதிக ஓம் காட்டி, குமிழ் வழியாக அளவைக் குறைத்து, பிறகு டிஎச்எஸ்7374 மாதிரி ஒரு வீடியோ ஆம்ப் வழியாக 75 ஓமுக்கு அனுப்புவார்கள். அந்தச் சிப்பில் நான்கு வழிகள், மூன்று நிறங்களுக்கு, ஒன்று சிங்க்குக்கு. மூன்று நிறங்களுக்கும் தனித்தனிக் குமிழ் இருந்தால் வெள்ளை உண்மையிலேயே வெள்ளையாக வரும்வரை திருத்தலாம். ஆட்டங்கள் பலவற்றின் டெஸ்ட் மெனுவில் நிறப்பட்டைகளும் கட்டங்களும் இருக்கும், அதை வைத்துத் திருத்துங்கள், ஆட்டத்தின் படத்தைப் பார்த்துத் திருத்த வேண்டாம்.

சிங்க்கும் இதே கதைதான். போர்டு தருவது டிடிஎல் அளவு, அதாவது மூன்று நான்கு வோல்ட். டிவி எதிர்பார்ப்பது 0.3 வோல்ட் அளவு. 470 ஓம் வரிசையில் போட்டால் அரை வோல்ட் பக்கம் வந்துவிடும், அநேக டிவிகள் அதை ஏற்றுக்கொள்ளும். படம் மேலே வளைந்தால் எல்எம்1881 என்ற சிங்க் பிரிக்கும் சிப்பை நடுவில் வைத்துப் பாருங்கள்.

ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் வேலை குறைவு. பிரான்ஸ் 1980 முதல் புது டிவிகளில் ஸ்கார்ட் என்ற கனெக்டர் கட்டாயம் என்று சட்டம் போட்டது, அதன் 21 பின்களில் மூன்று நிறங்களும் நேராக உள்ளே போக வழி உண்டு. 16ஆம் பின்னில் 1 முதல் 3 வோல்ட் கொடுத்தால் டிவி தானாக நிற உள்ளீட்டுக்கு மாறும், 5 வோல்ட்டிலிருந்து 180 ஓம் போட்டால் ஒன்றரை வோல்ட் பக்கம் கிடைக்கும். ஜப்பானிலும் இதே உருவத்தில் ஒரு 21 பின் கனெக்டர் இருக்கிறது, ஆனால் பின் அமைப்பு வேறு, கேபிள் வாங்கும்போது கவனம். நம் ஊர் டிவிகளில் ஸ்கார்ட் பெரும்பாலும் வந்ததில்லை. கடைசிக் காலத்தில் வந்த ப்ளாட் டியூப் டிவிகள் பலவற்றில் பச்சை, நீலம், சிவப்பு என மூன்று காம்போனென்ட் ஜாக்குகள் உண்டு, ஆனால் அவற்றில் போவது நேரான நிறங்கள் கிடையாது, அதனால் நடுவில் ஒரு மாற்றி வேண்டும். நல்ல மாற்றி போட்டால் படம் அவ்வளவு சுத்தமாக இருக்கும். பழைய ப்ளாட் டியூப் டிவி ஒன்றைச் சும்மா கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால், பின்னால் காம்போனென்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆட்டோவை வரச் சொல்லுங்கள்.

டியூப் டிவியை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் வேகம். ஆர்கேட் போர்டுகளில் பெரும்பாலானவை நொடிக்கு 15,600 முதல் 16,000 கோடுகள் வரை வரைகின்றன, டியூப் டிவியும் அதே அளவில்தான் வரைகிறது. கம்ப்யூட்டர் மானிட்டர் 31,500இல் தொடங்கும், அதனால் நேராக இணைத்தால் ஒன்றும் வராது. கோடுகளைவிடச் சிக்கல் பிடித்தது நொடிக்கு எத்தனை படம் என்பது. டிவி உலகம் 50, 60 என்று இரண்டு எண்களோடு நிறுத்திக்கொண்டது. ஆர்கேட் வடிவமைப்பாளர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, பெட்டிக்குள் இருக்கும் மானிட்டர் எதையும் பிடித்துக்கொள்ளும் என்று அவர்களுக்குத் தெரியும். பேக்-மேன் 60.6. கேப்காமின் சிபிஎஸ் போர்டுகள் 59.6. நியோ ஜியோ 59.2. மார்ட்டல் கொம்பாட் 54.7. இரெம் கம்பெனியின் 1987 ஆர்-டைப் 55.

ஆர்-டைப் போர்டின் கணக்கைப் பாருங்கள். 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம், ஒரு கோட்டுக்கு 512 துடிப்பு, ஆக நொடிக்கு 15,625 கோடு. ஒரு படத்துக்கு 284 கோடு, வகுத்தால் 55.02. ஏன் 284? வழக்கமான 224, 240 போதாமல் திரையில் 256 கோடு காட்ட ஆசைப்பட்டார்கள், அதனால் மொத்தக் கோடுகள் கூடி, வேகம் குறைந்தது. இந்தப் போர்டை ஒரு சாதாரண எச்டிஎம்ஐ மாற்றியில் செருகினால் அது 55 படத்தை 60ஆக்க ஒவ்வொரு நொடியும் ஐந்து படங்களை இரண்டு முறை காட்டும். சண்டை ஆட்டத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. ஆர்-டைப்போ பின்னணி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும் ஆட்டம், நொடிக்கு ஐந்து முறை பின்னணி தடுக்கி விழுவது அப்பட்டமாகத் தெரியும். கவனித்துப் பார்த்தவர்களால் அதற்குப் பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

ஓஎஸ்எஸ்சி என்ற திறந்த வடிவமைப்புக் கருவி இதை வேறு விதமாகக் கையாள்கிறது. அது முழுப் படத்தையும் சேமித்து வைப்பதில்லை, வரும் கோட்டை அப்போதே இரண்டு முதல் ஐந்து மடங்காகப் பெருக்கி அனுப்புகிறது. தாமதம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, 55 வந்தால் 55ஆகவே போகும். அந்த 55ஐ உங்கள் டிவி ஏற்குமா என்பதுதான் பிரச்சினை. பல டிவிகள் "சிக்னல் இல்லை" என்று சொல்லிவிடும். படத்தைச் சேமித்து அனுப்பும் ரெட்ரோடிங்க் 5எக்ஸ் மாதிரிக் கருவிகள் எந்த டிவியிலும் படம் தரும், ஆனால் 60க்கு மாற்றும்போது அந்தத் தடுக்கல் வரும். என் கருத்தில் இன்றைக்குச் சிறந்த வழி, வேகத்தை மாற்றிக்கொள்ளும் கேமிங் மானிட்டர். 48லிருந்து மேலே எந்த எண்ணையும் பிடிக்கும் மானிட்டர்கள் நிறைய வந்துவிட்டன, ரெட்ரோடிங்க் 4கே மாதிரிக் கருவி அந்த வசதியோடு பேசுகிறது. பெட்டிக்குள் இருந்த பழைய மானிட்டரின் பெருந்தன்மை நாற்பது வருடம் கழித்து எல்சிடிக்கு இப்போதுதான் வந்திருக்கிறது.

ஓஎஸ்எஸ்சி வாங்கியவர்கள் தவறாமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு கோட்டில் எத்தனை மாதிரி எடுப்பது என்ற எண்ணைப் போர்டின் உண்மையான எண்ணுக்கு வைக்க வேண்டும். சிபிஎஸ் போர்டுக்கு 512, நியோ ஜியோவுக்கு 384. தொழிற்சாலை அமைப்பில் விட்டுவிட்டால் சில புள்ளிகள் தடிமனாகவும் சில ஒல்லியாகவும் வரும், கதாபாத்திரம் நடக்கும்போது உடம்பு நெளிவது போல இருக்கும். சரியான எண் வைத்து, அதன் பிறகு ஃபேஸ் (phase) என்ற அமைப்பையும் ஒவ்வொரு படியாக நகர்த்தினால் ஒரு இடத்தில் எழுத்துகளின் ஓரம் சட்டென்று கூர்மையாகும். அந்த நிமிடத்துக்காகவே இதைச் செய்யலாம்.

நிமிர்ந்து நிற்கும் ஆட்டங்கள் உண்டு. பேக்-மேன் அப்படி, 1997இல் வந்த டோடோன்பாச்சி அப்படி. கடையில் மானிட்டரையே திருப்பிப் பொருத்தியிருப்பார்கள். வீட்டில் டியூப் டிவியைச் சாய்க்காதீர்கள், சூடு போகும் வழி மாறும், கனமும் ஆபத்து. சுழலும் ஸ்டாண்ட் வைத்த எல்சிடி மானிட்டர்தான் இதற்கு. 1998இல் சேகாவின் நவோமி வந்தபோது இந்தப் பாடெல்லாம் குறைந்தது, அது 31,500 கோடு வேகத்தில் நேராக விஜிஏ தருகிறது. ஆனால் அதன் ஜாய்ஸ்டிக் இணைப்பு வேறு முறை, அது தனிக் கட்டுரை. பட்டன்கள் பற்றி ஒரே ஒரு வரி: ஜாம்மாவில் ஆளுக்கு மூன்று பட்டன்தான், 1991 ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் உதைக்கும் மூன்று பட்டன்களுக்குப் போர்டில் தனிக் கனெக்டர் இருக்கும், சூப்பர்கன் வாங்கும்போது அதற்கான வயர் உண்டா என்று கேளுங்கள்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டேன். படத்துக்குப் பல்லாயிரம் ரூபாய் செலவு செய்துவிட்டு, சத்தத்துக்கு ஒரு வயரை எதிலாவது செருகிவிட்டு, ஒரே இரைச்சல் என்று சொல்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இந்த ஆட்டங்களின் பாதி உயிர் சத்தத்தில் இருக்கிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் குத்து விழும் சத்தம் இல்லாமல் அந்தக் குத்துக்கு மதிப்பு ஏது?

ஜாம்மாவின் 10, எல் இரண்டிலும் வருவது ஸ்பீக்கரை ஓட்டும் பலமுள்ள சத்தம், ஆம்ப்ளிஃபயர் போர்டிலேயே இருக்கிறது. எம்பி3730, எல்ஏ4460 மாதிரி சிப்களைப் பழைய போர்டுகளில் பார்க்கலாம், இவையெல்லாம் கார் ஸ்டீரியோவுக்காகப் பிறந்த சிப்கள். காரிலும் 12 வோல்ட், ஆர்கேட் பெட்டியிலும் 12 வோல்ட், பொருத்தம் அப்படி. இது தெரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினைக்குத் தீர்வும் அங்கேயே கிடைத்துவிடும். கார் ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் வயரிலிருந்து தனி ஆம்ப்ளிஃபயருக்குச் சிக்னல் எடுக்க ஹை-லோ கன்வெர்ட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி விற்பார்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் கார் சாமான் கடைகளில் கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். உள்ளே குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வைத்த வகையாகக் கேட்டு வாங்குங்கள், வெறும் ரெசிஸ்டர் வைத்த வகை வேண்டாம்.

ஏன் டிரான்ஸ்ஃபார்மர்? இரண்டு காரணம். எம்பி3730 மாதிரி சிப்கள் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் ஓட்டும் வகை. ஒரு முனை மேலே போகும்போது மற்றது கீழே போகும், இரண்டுமே கிரவுண்ட் கிடையாது, இரண்டிலும் நிரந்தரமாக 6 வோல்ட் பக்கம் நின்றுகொண்டிருக்கும். எல் பின்னை மைனஸ் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதை ஆர்சிஏ ஜாக்கின் வெளி வளையத்தில் சாலிடர் வைத்தால், அந்த 6 வோல்ட்டை நேராக கிரவுண்டில் ஷார்ட் செய்கிறீர்கள். ஆம்ப் சிப் சூடாகிப் போகும், கூடவே வேறு எதையாவது எடுத்துக்கொண்டும் போகலாம். எல்ஏ4460 தனி முனை ஓட்டும் வகையாகவே பயன்படும், அங்கே மைனஸ் நிஜமாகவே கிரவுண்ட். எந்த வகை என்று கண்டுபிடிக்க, பவரை அணைத்துவிட்டு எல் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மீட்டரில் பீப் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் தொடாதீர்கள். நியோ ஜியோ எம்விஎஸ்ஸின் ஸ்டீரியோ போர்டுகளில் இந்த இரண்டு பின்களும் இடது, வலது ஸ்பீக்கராகவே மாறிவிடும், அங்கே மைனஸே கிடையாது. டிரான்ஸ்ஃபார்மர் நடுவில் இருந்தால் முதல் இரண்டு வகைப் போர்டையும் ஒரே பெட்டியால் பயமில்லாமல் இணைக்கலாம்.

இரண்டாவது காரணம் உறுமல். போர்டின் பவர் சப்ளைக்கு ஒரு எர்த், வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு எர்த், நடுவில் வீடியோ கேபிள் வேறு ஒரு கிரவுண்டை இழுத்துக்கொண்டு வருகிறது. இந்த வளையத்தில் 50 ஹெர்ட்ஸ் ஓடி "ம்ம்" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் சத்தத்தின் வழியில் அந்த வளையத்தைத் துண்டித்துவிடும். இன்னொரு இரைச்சல் உண்டு, திரை வெள்ளையானால் கூடும், கறுப்பானால் குறையும். அது படம் சத்தத்துக்குள் கசிவது. ஸ்கார்ட் மாதிரி ஒரே கேபிளுக்குள் எல்லாம் போனால் இது வரும். சத்தத்துக்குத் தனியாக, கவசம் போட்ட கேபிள் இழுத்தால் அந்தக் கசிவு பெருமளவு குறையும்.

போர்டில் இருக்கும் வால்யூம் குமிழைப் பற்றி. எல்லாருமே அதை மிகக் குறைவாக வைத்துவிட்டு வீட்டு ஆம்ப்ளிஃபயரைக் கூட்டுகிறார்கள். நான் சொல்வது அதற்கு எதிர். குமிழ் இருப்பது ஆம்ப் சிப்புக்கு முன்னால், சிப்பின் சொந்த இரைச்சல் குமிழைக் குறைத்தால் குறையாது. ஆகவே குமிழை நடுவில், சத்தம் கரகரக்காத உயரத்தில் வைத்து, அதற்குப் பிறகு கன்வெர்ட்டரில் குறையுங்கள். இசைக்கும் இரைச்சலுக்கும் நடுவே இடைவெளி அப்போதுதான் அகலமாகும்.

இவ்வளவும் செய்து நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால் சிலருக்கு ஏமாற்றம் வரும். கேப்காமின் சிபிஎஸ்-1 போர்டில் இசைக்கு யமஹாவின் ஒய்எம்2151, குரலுக்கும் அடிக்கும் ஓகியின் எம்எஸ்எம்6295. ஓகி சிப் நொடிக்கு ஏறக்குறைய 7,600 மாதிரிகளில் குரலைத் திருப்பித் தருகிறது. அதில் பாதிக்கு, அதாவது 3,800 ஹெர்ட்ஸுக்கு, மேல் வரும் உயர் ஒலியெல்லாம் குரலின் பகுதியே இல்லை, படிப்படியாக வெட்டப்பட்ட ஒலியின் சிலும்பல். பெட்டியின் காகித ஸ்பீக்கர் அதைக் கேட்கவிடாமல் விழுங்கியது. ஹெட்ஃபோன் விழுங்காது. 1000 ஓமும் 22 நானோஃபாரட் கெபாசிட்டரும் வைத்து ஒரு சின்ன வடிகட்டி போட்டால் 7,200 ஹெர்ட்ஸ் பக்கத்திலிருந்து மேலே குறைய ஆரம்பிக்கும். ரிட்சி தெருவில் இரண்டும் சில்லறைக் காசுதான்.

1993இல் வந்த சிபிஎஸ்-2 போர்டில் கேப்காமே ஸ்டீரியோ ஆர்சிஏ ஜாக்குகள் வைத்துவிட்டது. க்யூசவுண்ட் என்ற ஒலி முறையை அப்போது அவர்கள் பெருமையோடு விற்றார்கள், ஒற்றை ஸ்பீக்கரில் அதை விற்க முடியாதே. உங்களிடம் சிபிஎஸ்-2 இருந்தால் ஜாம்மாவின் மோனோ சத்தத்தை மறந்துவிட்டு அந்த ஜாக்குகளில் நேராகப் போங்கள். அப்படியே பேட்டரியையும் கவனியுங்கள், அது தீர்ந்தால் உள்ளே இருக்கும் மறைகுறிச் சாவி அழிந்து ஆட்டமே எழாது. 2016இல் எட்வர்டோ க்ரூஸ் குழு அந்தச் சாவியைத் திரும்ப எழுதும் வழியை வெளியிட்டதால் இறந்த போர்டுகளும் இன்று பிழைக்கின்றன.

அதே க்யூசவுண்ட், அதே 1993இல், கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ் ஆட்டத்திலும் இருக்கிறது. பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது, முஸ்தபா கேம் என்றால் 90களில் வீடியோ கேம் கடையில் நின்ற எவருக்கும் தெரியும். நம் ஊர்க் கடைகளுக்கு வந்தவற்றில் கள்ளப் போர்டுகள் நிறைய. ஒரு வகைக் கள்ளப் போர்டில் க்யூசவுண்ட் பகுதியையே எடுத்துவிட்டு, பிஐசி16சி57 என்ற சின்ன கன்ட்ரோலரை வைத்துச் சத்தத்தை ஒப்பேற்றியிருப்பார்கள். நிஜப் போர்டை ஸ்டீரியோவில் கேட்கும்போது "அட, இதில் இவ்வளவு இசை இருந்ததா" என்று தோன்றுவது நினைவுப் பிழையாக இருக்க வேண்டியதில்லை. கடையில் நின்றது கள்ளப் போர்டு என்றால் அந்த இசை நம் காதுக்கு வந்தே இருக்காது.

கடைசியாக ஒரு வழி, மோனோ போர்டு வைத்திருப்பவர்கள் கன்வெர்ட்டர் வாங்குவதற்கு முன்பு இதைச் செய்து பார்க்க வேண்டும். ஐந்து அல்லது ஆறு அங்குல 8 ஓம் காகித ஸ்பீக்கர் ஒன்று வாங்கி, கிடைத்த பலகையில் ஒரு பெட்டி செய்து, 10, எல் இரண்டு பின்களிலிருந்தும் நேராக இரண்டு வயர் இழுங்கள். போர்டுக்கு வேண்டியது இதுதான், வேறெதையும் எதிர்பார்த்து அந்த ஆம்ப் சிப்பை யாரும் வைக்கவில்லை. கிரவுண்ட் குழப்பம் இல்லை, வளையம் இல்லை, வடிகட்டியும் வேண்டாம், கூம்பே பார்த்துக்கொள்ளும். போர்டின் குமிழை நடுவில் வைத்தால் அறை நிறையும். டியூப் டிவி என்றால் ஸ்பீக்கரை இரண்டடி தள்ளி வையுங்கள், காந்தம் பக்கத்தில் இருந்தால் திரையின் ஓரத்தில் பச்சையும் ஊதாவும் படரும். எல்சிடி என்றால் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்.